கும்பு மலைவழி நடைப்பயணம்: உயரமும் ஊரும் உழைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

நேபாளத்தின் கும்பு பகுதியில் லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை சென்று திரும்பும் நடைப்பயணம், வழிகாட்டியின் துணையோடு ஏறத்தாழ 12 நாள்களில் நிறைவு பெறுகிறது. இப்பயணத்தின் நாள்முறை ஒழுங்கு எவற்றால் தீர்மானிக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. உயரத்திற்கு மனித உடல் பழகும் வேகம், ஷர்பா மக்களின் பழைய மேய்ச்சல் குடியிருப்புகளின் அமைவு, சுமைதூக்குவோரின் உழைப்பு ஆகிய மூன்றும் அவ்வொழுங்கின் அடிப்படைகளாக அமைகின்றன. இவற்றுள் மூன்றாவது, பயணம் பற்றிய எழுத்துகளில் குறைவாகவே கவனம் பெறுகிறது என்பதும் எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கும்பு, ஷர்பா, உயரநோய், வழிகாட்டி, சுமைதூக்குவோர், மேய்ச்சல் குடியிருப்பு.

முன்னுரை

இமயமலையில் கொடுமுடி ஏறுவது ஒன்று. மலைவழியே ஊர் ஊராக நடந்து செல்வது மற்றொன்று. முன்னது கயிறு, பனிக்கோடரி முதலிய கருவிகளையும் தனித் தேர்ச்சியையும் வேண்டுவது. பின்னது உள்ளூர் மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவரும் பாதைகளில் நிகழ்வது. இதனை வணிக முறையிலான சுற்றுலாவாக நேபாளத்தில் தொடங்கிவைத்தவர் பிரித்தானியப் படை அதிகாரியாக இருந்த ஜிம்மி ராபர்ட்ஸ். அவர் 1964இல் இதற்கென ஒரு நிறுவனத்தை நிறுவினார். அதே ஆண்டில் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் லுக்லாவில் விமான ஓடுதளம் அமைந்தது. பள்ளி, மருத்துவமனை முதலியவற்றைக் கட்டுவதற்கான பொருள்களைக் கொண்டுசெல்லவே அவ்வோடுதளம் உருவாக்கப்பட்டது. எனினும், நாளடைவில் அது கும்புவின் சுற்றுலா நுழைவாயிலாக மாறிற்று. 1976இல் சாகர்மாதா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1979இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இவ்வழியின் சிறப்பைக் கூறும் எழுத்துகள் பெரும்பாலும் காட்சியழகையும் பயணியின் மன உறுதியையுமே மையப்படுத்துகின்றன. ஒரு நாளில் எவ்வளவு தொலைவு நடப்பது, எங்கே தங்குவது, எப்போது திரும்புவது ஆகிய முடிவுகளுக்குப் பின்னுள்ள காரணங்கள் அவற்றில் விரிவாகப் பேசப்படுவதில்லை. அக்காரணங்களை ஆராய்வது இங்கு நோக்கமாகிறது.

வழியின் அமைப்பு

லுக்லா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. முதல் நாள் நடை ஏற்றமன்று. தூத் கோசி ஆற்றங்கரையை ஒட்டி 2,610 மீட்டர் உயரத்திலுள்ள ஃபாக்டிங்கிற்கு இறங்குவதாகும். இரண்டாம் நாள் தொங்குபாலங்களைக் கடந்து, பூங்காவின் எல்லைக்குள் நுழைந்து, செங்குத்தான காட்டுவழியில் ஏறி 3,440 மீட்டரிலுள்ள நாம்சே பஜாரை அடைவர். அங்கு இரண்டு இரவுகள் தங்குவது வழக்கம். பின்னர் தெங்போச்சே (3,867 மீட்டர்), திங்போச்சே (4,410 மீட்டர்), லோபுச்சே (4,940 மீட்டர்), கோரக்ஷெப் (5,164 மீட்டர்) எனப் படிகள் தொடர்கின்றன. திங்போச்சேயிலும் இரண்டு இரவுகள் தங்கப்படுகின்றன. அடிவார முகாம் 5,364 மீட்டரில் உள்ளது. அங்கே நடைப்பயணிகள் பொதுவாக இரவு தங்குவதில்லை. கோரக்ஷெப்பிலிருந்து சென்று அன்றே திரும்புவர்.

ஏறுவதற்கு எட்டு இரவுகள் எடுத்துக்கொள்ளும் இவ்வழியில் இறங்குவதற்கு மூன்று அல்லது நான்கு நாள்களே போதுமானவை. இந்த ஏற்றத்தாழ்வு கால்வலிமையைப் பொறுத்ததன்று. நல்ல உடல்திறன் உள்ள ஒருவர் லுக்லாவிலிருந்து கோரக்ஷெப் வரையிலான தொலைவை இதைவிட மிகக் குறைந்த நாள்களில் நடந்துவிட இயலும். ஆனால் அவ்வாறு நடப்பது உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

உயரமும் உடலும்

காற்றில் உள்ள உயிர்வளியின் விழுக்காடு எவ்வுயரத்திலும் ஏறத்தாழ ஒன்றே. குறைவது காற்றழுத்தம். அடிவார முகாமின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியாகும். எனவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் உயிர்வளியும் அதே அளவில் குறைகிறது. உடல் முதலில் மூச்சின் வேகத்தைக் கூட்டி இதனை ஈடுசெய்கிறது. சிறுநீரகங்கள் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்கின்றன. சிவப்பணுக்களின் பெருக்கம் வாரக்கணக்கில் நிகழ்கிறது. இம்மாற்றங்களுக்குக் காலம் தராமல் உயரே செல்பவருக்குத் தலைவலி, குமட்டல், சோர்வு, தலைச்சுற்றல் ஆகியன தோன்றுகின்றன. இதுவே உயரநோயின் தொடக்கநிலை. கவனிக்கப்படாதபோது இது மூளைவீக்கமாக முற்றலாம். நுரையீரலில் நீர் கோத்தல் இத்தகைய முன்னறிகுறிகள் இன்றியும் ஏற்படக்கூடும். இரண்டும் சில மணி நேரங்களில் உயிரைப் பறிக்கக்கூடியவை.

3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதும், மூன்று அல்லது நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வுநாள் வேண்டும் என்பதும் மலை மருத்துவத்தின் பரிந்துரைகள். மேற்கூறிய படிகளை இதனோடு ஒப்பிட்டால் ஒரு செய்தி புலப்படுகிறது. ஃபாக்டிங்கிலிருந்து நாம்சேக்கு ஒரே நாளில் 830 மீட்டர் கூடுகிறது. தெங்போச்சேயிலிருந்து திங்போச்சேக்கு 543 மீட்டரும், அங்கிருந்து லோபுச்சேக்கு 530 மீட்டரும் கூடுகின்றன. அதாவது, தனித்தனி நாள்களை நோக்கினால் வழக்கமான பயணத்திட்டம் பரிந்துரையைச் சில இடங்களில் மீறுகிறது. எனினும் நாம்சேயிலும் திங்போச்சேயிலும் கழிக்கும் இரண்டாவது இரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், நாம்சேயின் முதல் இரவிலிருந்து கோரக்ஷெப் வரையிலான சராசரி ஏற்றம் நாளொன்றுக்கு 290 மீட்டருக்குள் அடங்குகிறது. ஆகவே ஓய்வுநாள் என்பது பயணத்திட்டத்தில் விருப்பம்போல் நீக்கத்தக்க ஒன்றன்று; முழுத் திட்டத்தையும் பாதுகாப்பான எல்லைக்குள் நிறுத்துவது அதுவே. செலவையும் நாள்களையும் குறைப்பதற்காக முதலில் வெட்டப்படுவதும் அதுவே என்பது கருதத்தக்கது.

நோயைக் கண்டறிவதற்கு லேக் லூயிஸ் மதிப்பீடு என்னும் அளவுகோல் பயன்படுகிறது. அது முழுவதும் நோயாளி தாமே கூறும் அறிகுறிகளைச் சார்ந்தது. எனவே உண்மையைச் சொல்வது இங்கு மருத்துவத்தின் ஒரு பகுதியாகிறது. பெரும்பொருள் செலவிட்டு வந்த பயணி, திரும்பிச் செல்ல நேருமோ என்னும் தயக்கத்தால் தலைவலியை மறைக்கக்கூடும். சுமைதூக்குபவரோ கூலியை இழக்க நேருமோ என்னும் அச்சத்தால் மறைக்கக்கூடும். உணவின் அளவு, நடையின் தள்ளாட்டம், பேச்சின் தெளிவு ஆகியவற்றைக் கவனித்து இம்மறைப்பை ஊடுருவி அறிவதே வழிகாட்டியின் முதன்மைத் திறன். பாதை தெளிவாகவே உள்ள இவ்வழியில் அவர் காட்டுவது வழியைவிட எல்லையை எனலாம். நிலைமை மோசமாகும்போது உறுதியான மருந்து கீழிறங்குவது மட்டுமே. அசெட்டசோலமைடு மாத்திரையும், உயிர்வளி உருளையும், காற்றழுத்தப் பையும் இறங்குவதற்கான கால இடைவெளியைத் தருவன. அதற்கு மாற்றாவன அல்ல. 1973இல் தொடங்கப்பட்ட இமாலய மீட்புச் சங்கம், ஃபெரிச்சேயில் பருவகால மருத்துவ நிலையம் நடத்திப் பயணிகளுக்கு நாள்தோறும் இவ்விளக்கத்தை அளித்துவருகிறது.

ஊர்களின் பழைய ஒழுங்கு

ஷர்பா என்னும் சொல் ‘கிழக்கத்தியர்’ எனப் பொருள்படும். இவர்களின் முன்னோர் ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் கிழக்குத் திபெத்தின் காம் பகுதியிலிருந்து பெயர்ந்து வந்தோராகக் கருதப்படுகின்றனர். மானிடவியலாளர் கிறிஸ்டோஃப் ஃபான் ஃபியூரர்-ஹைமண்டார்ஃப் 1953 முதல் இங்குக் களப்பணி மேற்கொண்டு, 1964இல் ஷர்பாக்கள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 5,700 மீட்டரைத் தாண்டும் நாங்பா லா கணவாய் வழியாகத் திபெத்துடன் நிகழ்ந்த உப்பு, கம்பளி, தானிய வணிகமும், யாக் வளர்ப்பும், 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த உருளைக்கிழங்குச் சாகுபடியும் இம்மக்களின் பொருளியலைத் தாங்கின. 1959க்குப் பின் எல்லைக் கட்டுப்பாடுகளால் வணிகம் நலிந்தது. அவ்விடத்தையே பின்னர் சுற்றுலா நிரப்பியது.

ஷர்பா குடும்பங்கள் ஓரிடத்தில் மட்டும் வாழ்ந்தவையல்ல. முதன்மை ஊரில் ஒரு வீடும், உயரமான பள்ளத்தாக்குகளில் கோடைக்காலக் குடியிருப்புகளும் அவர்களுக்கு இருந்தன. பனி உருகும் காலத்தில் கால்நடைகளுடன் படிப்படியாக மேலேறி, குளிர் தொடங்கும்போது இறங்கினர். திங்போச்சே வாய்க்கால் பாசனத்தில் வாற்கோதுமை விளையும் கோடைக் குடியிருப்பாகும். ஃபெரிச்சே, லோபுச்சே ஆகியன மேய்ச்சல் நிலைகள். இன்று பயணிகள் தங்கும் விடுதிகள் இம்மேய்ச்சல் குடிசைகள் இருந்த இடங்களிலேயே பெரும்பாலும் எழுந்துள்ளன. தண்ணீர், காற்றுமறைவு, கால்நடைக்குப் புல் ஆகியவற்றுக்காக மேய்ப்போர் தேர்ந்த இடங்களே பிற்காலத்தில் உடல் உயரத்திற்குப் பழகும் நிலைகளாயின. பயணத்திட்டத்தில் முன்னர்க் கண்ட 543 மீட்டர், 530 மீட்டர் என்னும் இடைவெளிகளும் இதனால் விளங்குகின்றன. அவை மருத்துவரின் கணக்கில் அமைந்தவையல்ல. மேய்ப்பரின் தேர்வில் அமைந்தவை.

கால்நடைகள் எப்போது ஊரைவிட்டு வெளியேற வேண்டும், எப்போது திரும்பலாம் என்பதை ‘நாவா’ எனப்படும் ஊர்ப் பொறுப்பாளர் அறிவித்தார். காட்டில் மரம் வெட்டுவதையும் இத்தகைய பொறுப்பாளர்கள் கண்காணித்தனர். மீறியோர் தண்டம் செலுத்தினர். 1957இல் நேபாள அரசு தனியார் காடுகளை நாட்டுடைமையாக்கிய பின் இந்த ஊர்க்கட்டுப்பாடு தளர்ந்தது. பின்னர்ப் பூங்கா நிருவாகம் மலையேற்றக் குழுக்கள் விறகெரிப்பதைத் தடை செய்தது. 1991இல் உள்ளூர் மக்கள் முன்னின்று சாகர்மாதா மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவை அமைத்தனர்.

வழிநெடுக உள்ள மணிக்கற்சுவர்களையும் சோர்தென்களையும் வலப்புறம் இருக்குமாறு கடந்து செல்வது பௌத்த மரபு. பாதையும் அதற்கேற்பச் சுவரின் இருபுறமும் பிரிந்து இணைகிறது. 1916இல் நிறுவப்பட்ட தெங்போச்சே மடாலயம் 1934 நிலநடுக்கத்தாலும் 1989 தீவிபத்தாலும் அழிந்து, இருமுறையும் மீண்டும் கட்டப்பட்டது.

சுமைதூக்குவோர்

ஷர்பா என்பது ஓர் இனத்தின் பெயர். பயணிகளோ அதனைத் தொழிற்பெயராக வழங்குகின்றனர். இம்மயக்கம் ஒரு பெரும் உண்மையை மறைக்கிறது. கும்புவின் ஷர்பாக்களுள் பலர் இன்று விடுதி உரிமையாளராகவும் வழிகாட்டியாகவும் மலையேற்றத் தொழிலராகவும் உள்ளனர். சுமைதூக்குவோரில் பெரும்பகுதியினர் ராய், தமாங், மகர் முதலிய சமூகங்களைச் சார்ந்த, தாழ்ந்த மலைப்பகுதிகளிலிருந்து வரும் உழவர்கள். ஷர்பாக்களுக்குத் தலைமுறைகளாக அமைந்த உயரத் தகவமைப்பு இவர்களுக்கு இல்லை. உயரநோய் இவர்களையும் பயணிகளைப் போலவே தாக்குகிறது. மலைமக்கள் அனைவரும் உயரத்திற்குப் பழகியோர் என்னும் எண்ணம் இங்கு உயிரிழப்புக்கே காரணமாகக் கூடியது.

மூங்கில் கூடையை நெற்றிப்பட்டையால் தாங்கி, கைத்தடியின் மேல் சுமையை இறக்காமலே ஊன்றி நின்று இளைப்பாறி நடப்பது இவர்களின் முறை. நாம்சே சந்தைக்குப் பொருள் கொண்டுசெல்லும் வணிகச் சுமையாளரை ஆராய்ந்து 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடும் பெண்கள் 66 விழுக்காடும் சுமந்தனர் எனக் காட்டியது. இவ்வாய்வு அவர்களின் நடைத்திறனை வியந்து பேசப் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. திறன் இருப்பது சுமத்துவதற்கு உரிமையாகாது. 1997இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுச் சுமையாளர் பாதுகாப்புக் குழு, நேபாளத்தில் ஒருவருக்கு 30 கிலோகிராம் என்னும் வரம்பையும், உயரத்திற்கேற்ற உடை, தங்குமிடம், நோயுற்றால் துணையுடன் கீழிறக்குதல் ஆகியவற்றையும் வலியுறுத்துகிறது. இறுதியாகக் கூறியது இன்றியமையாதது. நோயுற்ற பயணி தனியே அனுப்பப்படுவதில்லை. நோயுற்ற சுமையாளர் கூலி தீர்க்கப்பட்டுத் தனியே இறங்க விடப்படும் நிலை, இக்குழு தடுக்க முனையும் முதன்மைத் தீங்காகும்.

நேபாளச் சுற்றுலா வாரியம் 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு நடைப்பயணிகளுக்கு வழிகாட்டியைக் கட்டாயமாக்கியது. கும்புவின் உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் அதனை நடைமுறைப்படுத்த முன்வரவில்லை. இவ்விவாதம் பயணியின் பாதுகாப்பு, வழிகாட்டியின் வேலைவாய்ப்பு ஆகிய இரு முனைகளிலேயே நிகழ்ந்தது. சுமையாளரின் பாதுகாப்பு அதில் மையம் பெறவில்லை.

மாறும் நிலம்

1985 ஆகஸ்ட் 4இல் டிக் சோ என்னும் பனியாற்று ஏரி உடைந்து, முடியும் நிலையில் இருந்த நாம்சே நீர்மின் திட்டத்தையும் பல பாலங்களையும் அடித்துச் சென்றது. 2016இல் இம்ஜா ஏரியின் நீர்மட்டம் மூன்று மீட்டருக்கும் மேல் தாழ்த்தப்பட்டது. எனினும் 2024 ஆகஸ்ட் 16இல் தாமே ஊரை மற்றொரு வெள்ளம் தாக்கியது. பெரிய ஏரிகள் கண்காணிக்கப்படும்போது சிறிய ஏரிகளும் பேரழிவை விளைவிக்கும் என்பதை இது உணர்த்திற்று. பயணிகள் கடந்துசெல்லும் பாதை, ஊரார்க்கு வீடும் வயலும் பள்ளியும் இருக்கும் இடமாகும்.

முடிவுரை

கும்பு நடைப்பயணத்தின் ஒவ்வொரு நாளும் உடலியலும் மேய்ச்சல் மரபும் கூலியுழைப்பும் சந்திக்கும் புள்ளியாக அமைகிறது. ஓய்வுநாள்கள் உயிர்காப்பின் பொருட்டு அமைந்தவை என்பதும், தங்குமிடங்கள் மேய்ப்போரின் அறிவால் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதும், வழிகாட்டியின் முதற்கடமை திரும்பிச் செல்லும் முடிவை உரிய நேரத்தில் எடுப்பது என்பதும் மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படுகின்றன. அம்முடிவு கட்டணம் செலுத்தியவருக்கும் கூலி பெறுபவருக்கும் ஒரே அளவுகோலில் எடுக்கப்படுகிறதா என்பதே ஒரு பயணம் முறையாக நடத்தப்பட்டதா என்பதை அளக்கும் அடிப்படை வினாவாகும். சுற்றுலா ஆய்வுகள் பயணிகளின் எண்ணிக்கையோடும் வருவாயோடும் நில்லாமல், இவ்வினாவையும் தம் எல்லைக்குள் கொள்ளுதல் வேண்டும்.