இணையத்தில் முதல் வருமானம் எப்போது?

இரண்டாம் ஆண்டு வகுப்பு முடிந்து நான் வெளியே வந்தபோது ஒரு மாணவர் பின்னாலேயே வந்தார். "சார், யூடியூபிலே பாடம் போட்டா எத்தனை நாள்லே பணம் வரும்?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "முப்பதே நாளில் மாத வருமானம்" என்று விளம்பரம் செய்த ஒரு பயிற்சிக்கு அவர் 15,000 ரூபாய் கட்டியிருந்தார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வாங்கிய பணம் அது. முப்பது நாள் போய்த் தொண்ணூறு நாள் ஆகியும் ஒரு காசும் வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு முழு நேரமும் இதில் இறங்கினால் வருமா என்பதே அவர் உண்மையில் கேட்க வந்த கேள்வி.

அன்று அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். இதில் வருவதெல்லாம் பள்ளி இயற்பியலும் பள்ளிக் கணக்கும்தான்.

வெப்பமானி அசையாத நேரம்

ஒரு பாத்திரத்தில் பனிக்கட்டியை வைத்துச் சூடேற்றுங்கள். வெப்பமானி 0° செல்சியசில் நிற்கும். அடுப்பு எரிகிறது, வெப்பம் உள்ளே போகிறது. ஆனால் வெப்பமானி அசைவதில்லை. ஒரு கிராம் பனிக்கட்டி உருகி நீராக 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் முழுவதும் பனிக்கட்டியின் கட்டமைப்பைக் குலைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. இதையே உள்ளுறை வெப்பம் என்கிறோம். அதே 80 கலோரியைக் கொண்டு ஒரு கிராம் நீரை 0° யிலிருந்து 80° வரை சூடேற்றிவிடலாம் என்பதை எண்ணிப் பார்த்தால், அது எவ்வளவு பெரிய செலவு என்பது விளங்கும்.

இணைய வருமானத்திலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. உழைப்பு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வருமானம் சுழியிலேயே நிற்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. அடுப்பு பற்றவைக்கப்படாமல் இருந்தாலும் வெப்பமானி அசையாதுதான்! இரண்டையும் எப்படி வேறுபடுத்துவது? வெப்பமானியைப் பார்க்காமல் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டும். அது கரைகிறதா? அதுபோலத் தொடக்கத்தில் பணத்தைப் பார்த்துப் பயனில்லை. பார்ப்போர் எத்தனை பேர், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், அந்த எண் மாதத்துக்கு மாதம் கூடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஓட்டைப் பானை

இனி விதிகளைப் பார்ப்போம். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கேட்பதற்கு 2017 ஏப்ரலில் ஒரு வரம்பு வைத்தார்கள். தொடங்கிய நாளிலிருந்து மொத்தம் 10,000 பார்வைகள் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. 2018 இல் அதை மாற்றினார்கள். 1,000 சந்தாதாரர்கள் இருக்க வேண்டும். அதோடு கடந்த 12 மாதங்களில் மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்கவும் வேண்டும். (குறும்படங்கள் வழியாக வருவோர்க்கு 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள் என்ற வேறு வழியும் பின்னர் வந்தது. 2023 இல் 500 சந்தாதாரர் என்ற கீழ்ப்படி ஒன்றும் வந்தது. ஆனால் அது பார்ப்போர் நேரே தரும் தொகைக்கு உரியது. நீண்ட படங்களின் விளம்பரப் பங்குக்குப் பழைய வரம்பே நிற்கிறது.)

இந்த இரண்டு விதிகளுக்கும் இடையே இயற்பியல் மாணவர் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு இருக்கிறது. முதல் விதி ஒட்டையில்லாத பானை. சொட்டுச் சொட்டாக விட்டாலும் என்றாவது நிறைந்துவிடும். இரண்டாவது ஓட்டைப் பானை. இன்று சேரும் மணிகள் மேலே விழ, ஓராண்டுக்கு முன் சேர்ந்த மணிகள் கீழே ஒழுகிவிடுகின்றன.

ஒருவருடைய பாடங்களை மக்கள் நாள்தோறும் 10 மணி நேரம் பார்க்கிறார்கள் எனக் கொள்வோம். 365 நாளில் 3,650 மணி. அடுத்த ஆண்டும் 3,650தான். பத்து ஆண்டு ஆனாலும் அவர் 4,000ஐத் தொடமாட்டார். அதுவே நாள்தோறும் 11 மணி நேரமானால் ஓராண்டில் 4,015, வரம்பைத் தாண்டிவிட்டார். பத்துக்கும் பதினொன்றுக்கும் உள்ள வேறுபாடு பத்தில் ஒரு பங்குதான். விளைவோ "ஒருபோதும் இல்லை" என்பதற்கும் "ஓராண்டு" என்பதற்கும் உள்ள வேறுபாடு! ஆகவே "எத்தனை நாள்?" என்னும் கேள்விக்கு முன் "என்ன வேகம்?" என்னும் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

சிகாகோ தரும் பாடம்

வேகம் எங்கிருந்து வருகிறது? ஒருவர் பார்க்கிறார், பிடித்திருந்தால் இன்னொருவருக்கு அனுப்புகிறார். இதைத் தொடர்வினை என்று சொல்வது வெறும் உவமை அன்று. இரண்டிலும் கணக்கு ஒன்றே.

1942 டிசம்பர் 2 அன்று சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பார்வையாளர் மேடைக்குக் கீழே, என்ரிக்கோ ஃபெர்மியும் அவருடைய குழுவினரும் முதல் அணு உலையை இயக்கினார்கள். கிராஃபைட்டையும் யுரேனியத்தையும் 57 அடுக்குகளாக அடுக்கியிருந்தார்கள். கட்டுப்பாட்டுக் கோலைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்தார்கள். ஒவ்வொரு முறையும் நியூட்ரான் எண்ணிக்கை உயர்ந்து, பிறகு ஒரு மட்டத்தில் நின்றுவிட்டது. கடைசியாக இழுத்தபோது மட்டும் அது நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. அந்த உலையின் பெருக்கக் காரணி 1.0006. அதாவது ஒரு தலைமுறையின் 10,000 நியூட்ரான்கள் அடுத்த தலைமுறையில் 10,006 ஆயின. அந்த ஆறுதான் அணு யுகத்தைத் தொடங்கிவைத்தது.

இப்போது 100 பேரிடம் ஒரு படத்தைக் காட்டுகிறோம் எனக் கொள்வோம். சராசரியாக இருவரில் ஒருவர் ஒரு புதியவரை அழைத்து வந்தால், 100 + 50 + 25 + ... என்று போய் மொத்தம் 200 இல் நின்றுவிடும். பெருக்கக் காரணி 0.9 ஆனால் 1,000 இல் நிற்கும், 0.99 ஆனால் 10,000 இல் நிற்கும். 1.1 ஆகிவிட்டாலோ, பத்தாம் தலைமுறையில் 259 பேர் வருவார்கள். ஐம்பதாம் தலைமுறையில் 11,700 பேருக்கு மேல் வருவார்கள். தொடக்க நாட்களில் 0.9க்கும் 1.1க்கும் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. "நானும் அவரும் ஒன்றாகத்தான் தொடங்கினோம், அவர் எங்கேயோ போய்விட்டார்" என்று பலர் ஏங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் எல்லாருக்கும் இந்தப் பெருக்கம் வாய்ப்பதில்லை. பெருக்கமே இல்லாத எளிய நிலையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கணக்கு

வாரத்துக்கு ஒரு பாடம் பதிவு செய்கிறோம். ஒவ்வொரு பாடத்தையும் நாள்தோறும் 3 பேர், ஆளுக்கு 4 நிமிடம் பார்க்கிறார்கள் எனக் கொள்வோம். ஒரு பாடத்துக்கு நாளைக்கு 12 நிமிடம், அதாவது 0.2 மணி. வாரந்தோறும் ஒரு பாடம் கூடுவதால் பார்க்கும் நேரமும் வாரந்தோறும் 0.2 மணி கூடும். 52 வாரம் முடிவில் மொத்தம் ஏறத்தாழ 1,930 மணிதான் சேரும். அதன்பின் பழைய மணிகள் ஒழுகத் தொடங்கினாலும் அவை சிறியவை, புதியவை பெரியவை. ஆகவே 81 ஆம் வாரத்தில் 4,000 நிறையும். ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். (அதற்குள் 1,000 சந்தாதாரர்களும் சேர்ந்துவிட்டார்கள் எனக் கொள்கிறோம்.)

விண்ணப்பித்தால் பரிசீலனைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பிறகு விளம்பரம் வரத் தொடங்கும். 1,000 பார்வைக்கு நம் பங்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 243 பார்வை என்பது மாதத்துக்கு 364 ரூபாய் தரும். ஆனால் கணக்கில் 100 டாலர் சேரும் வரை பணம் கைக்கு வராது. ஒரு டாலர் 90 ரூபாய் என்று கொண்டால் 9,000 ரூபாய் சேர வேண்டும். வாரம் ஒரு பாடத்தைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போனாலும் இதற்கு இன்னும் 17 மாதம். (நல்லவேளை, இது ஓட்டையில்லாத பானை, சேர்ந்தது ஒழுகாது.) மொத்தம் ஏறத்தாழ 3 ஆண்டு!

பாடங்கள் நான்கு மடங்கு விரும்பிப் பார்க்கப்பட்டால்? நாள்தோறும் 3 பேருக்குப் பதிலாக 12 பேர். அப்போது 4,000 மணி 38 வாரத்தில் நிறையும். முதல் தொகை வர மொத்தம் சுமார் 19 மாதம் ஆகும். நான்கு மடங்கு விருப்பத்துக்குக் காலம் கால் பங்காகக் குறையவில்லை. ஏறத்தாழப் பாதியாகத்தான் குறைந்தது. கீழே விழும் பொருள் கடக்கும் தொலைவு காலத்தின் இருபடியைப் பொறுத்தது என்று படித்திருக்கிறீர்கள். முடுக்கத்தை நான்கு மடங்காக்கினால், அதே தொலைவைக் கடக்கப் பாதி நேரம் ஆகும். இங்கும் அதே விதிதான். வாரந்தோறும் ஒன்று சேர்ப்பது என்பது முடுக்கம். நிறுத்திவிட்டால் முடுக்கம் சுழி.

இவை நாம் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் எண்களை இட்டு நீங்களே கணக்கிடலாம். எழுதி முடித்த விடையைவிட அந்த முறைதான் முக்கியம்.

மற்ற வழிகள்

எழுத்து வழியாகச் சம்பாதிப்போர் தேடுபொறியை நம்பியிருக்கிறார்கள். லாரி பேஜும் செர்கெய் பிரினும் 1998 இல் விளக்கிய முறைப்படி, ஒரு பக்கத்தின் மதிப்பு அதைச் சுட்டும் பிற பக்கங்களின் மதிப்பிலிருந்து வருகிறது. புதிய பக்கத்தைச் சுட்டுவோர் யாருமில்லை. ஆகவே அது பின்வரிசையில் நிற்கும். இன்று தேடுபொறிகள் வேறு பல அளவுகளையும் பார்க்கின்றன. ஆனாலும் புதியவருடைய தொல்லை தீரவில்லை. தளத்தைச் சீர்படுத்திப் பலன் காண்பதற்குப் பெரும்பாலும் 4 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று 2017 இல் கூகுள் நிறுவனமே ஒரு விளக்கப் படத்தில் கூறியது.

பிறர் பொருளைப் பரிந்துரைத்துத் தரகு பெறும் வழியை அமேசான் 1996 இல் தொடங்கியது. இதற்கும் காலக் கெடு உண்டு. சேர்ந்த 180 நாட்களுக்குள் 3 விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்தே பணம் வரும். வாங்கியவர் பொருளைத் திருப்பிவிட்டால் தரகும் போய்விடும்.

சராசரி என்னும் மாயம்

"எங்கள் மாணவர்களின் சராசரி வருமானம் 10,000 ரூபாய்" என்று ஒருவர் சொன்னால் பொய் என்று சொல்ல முடியாது. பத்துப் பேரில் ஒன்பது பேர் தலைக்கு 100 ரூபாயும் ஒருவர் 1,00,000 ரூபாயும் ஈட்டினால் சராசரி 10,090 ரூபாய்! ஆனால் பத்துப் பேரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் "நூறு ரூபாய்" என்பார். இணையத்தில் இத்தகைய ஏற்றத்தாழ்வு இயல்பானது. ஏற்கெனவே பல இணைப்புகள் பெற்ற பக்கமே மேலும் இணைப்புகளைப் பெறும் என்பதை வைத்து, 1999 இல் பராபாசி, ஆல்பர்ட் என்னும் இரு இயற்பியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்.

இதைவிட ஆபத்தானது "ஆறு பேரைச் சேர்த்துவிடு, பணம் வரும்" என்னும் திட்டம். 6, 36, 216 என்று பெருக்கிக்கொண்டே போங்கள். 13 ஆம் படியில் 1,306 கோடி பேர் தேவைப்படுவார்கள். உலக மக்கள்தொகையோ 800 கோடிக்குச் சற்று மேல். எரிபொருள் தீர்ந்ததும் தொடர்வினை நின்றுவிடும். அப்போது கடைசிப் படிகளில் இருப்பவர்களே மிகப் பெரும்பான்மை. அவர்கள் கட்டிய பணம் திரும்பாது. பணச் சுழற்சித் திட்டங்களை நம் நாட்டில் 1978 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. நேரடி விற்பனையில் இத்தகைய பிரமிடு திட்டங்களை 2021 ஆம் ஆண்டு விதிகளும் தடுக்கின்றன.

ஆகவே பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். சம்பாதித்துத் தருகிறேன் என்பவர் முதலில் உங்களிடம் சம்பாதிக்கிறார் என்றால், அவருடைய தொழில் எது என்பது விளங்கும். ஏமாற்றப்பட்டதாக எண்ணுவோர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். இணையவழிப் பண மோசடிக்கு 1930.

மாணவர் கண்ட விடை

கணக்கை எழுதி முடித்ததும் அந்த மாணவரிடம், "தம்பி, உன் தொண்ணூறு நாள் கணக்கு என்ன?" என்று கேட்டேன். கைபேசியைத் திறந்து பார்த்துச் சொன்னார்: மொத்தம் 27 மணி நேரம். நாளைக்கு 0.3 மணி. வேண்டியது 11 மணி. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், முப்பத்தாறு மடங்குக்கு மேலே ஏறணும்" என்றார். வகுத்துப் பார்த்தது அவரேதான், நான் சொல்லவில்லை.

இன்று அவர் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு பாடம் பதிவு செய்கிறார். ஒரு நோட்டில் வாரந்தோறும் பார்வை நேரத்தைக் குறித்து வரைபடம் போடுகிறார். கோடு மெல்ல ஏறுகிறது. சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. அதை மீட்கும் பணத்துக்கு இணையத்தை நம்பாமல், மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்.

இணையத்தில் வருமானம் வராது என்று நான் சொல்லவில்லை. வருகிறவர்களுக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் பனிக்கட்டி உருகும் காலத்தில் வீட்டில் உலை கொதிக்க வேறு அடுப்பு வேண்டும். படிப்பை நிறுத்தலாமா என்று எண்ணும் மாணவர்கள், முதலில் ஒரு தாளை எடுத்துத் தங்கள் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.