பலாமரம் இருக்கப் பாணுக்குக் காத்திருப்பதா?

காலையில் பாண் முச்சக்கரவண்டியின் இசை கேட்டதும் கண்டியை அடுத்த மடவளைப் பக்கத்தில் காலைச் சாப்பாடு முடிவாகிவிடுகிறது. வளவில் ஈரப்பலா காய்த்துத் தொங்கும். தட்டிலோ பாணும் சீனிச்சம்பலும். வளவும் தட்டும் இப்படி விலகிப்போனதற்கு நம் உடலும் விலை கொடுக்கிறது, பணப்பையும் விலை கொடுக்கிறது.

வளவே களஞ்சியம்

கண்டி வீட்டுத்தோட்டத்தில் மேலே தென்னை, பலா, கித்துள். நடுவே கோப்பி, வாழை, மிளகுக்கொடி. கீழே மரவள்ளி, வற்றாளை, வல்லாரை. மழை பொய்த்து ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும். 1951ஆம் ஆண்டின் சட்டப்படி பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்ட முடியாது. உணவு மரம் என்பதால்தான் அந்தக் காவல்.

2022 சொன்ன பாடம்

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியும் அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வெகுவாகச் சரிந்தது. டொலர் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. முந்தைய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய உணவு 195 ரூபாய் ஆனது. பாணுக்கான கோதுமையும் மைசூர்ப் பருப்பும் கப்பலில் வருபவை. பலாக்காய்க்கு டொலர் வேண்டாம்.

உடலுக்கு என்ன வித்தியாசம்?

வெள்ளை மாவில் நார்ச்சத்து குறைவு. அது விரைவில் செரித்து இரத்தச் சீனியை ஏற்றும், சீக்கிரமே பசிக்கவும் வைக்கும். அவித்த பலாக்காயில் நார்ச்சத்து அதிகம். பாணுக்குப் பதிலாகும் இன்னொன்று குரக்கன்; அதில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. ஆனால் குரக்கனும் மாவுச்சத்துதான். நீரிழிவு உள்ளவர்கள் “குரக்கன்தானே” என்று பிட்டை அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது. பழுத்த பலாச்சுளையிலும் சீனி கூடுதல்.

சமையலறையில் கவனிக்க

- தட்டில் பாதி கீரையும் மரக்கறியும்; கால்பங்கு சோறோ கிழங்கோ; மிச்சம் மீன், முட்டை, பருப்பு.
- வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழியுங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர அது உதவும்.
- சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது போகட்டும். கர்ப்பிணிகள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.
- மரவள்ளியைத் தோலுரித்து, மூடாத பாத்திரத்தில் நன்றாக அவித்து, தண்ணீரை வடித்துவிடுங்கள். அதிலுள்ள நச்சு அப்படித்தான் நீங்கும்.
- குளிர்பானப் போத்தலில் சிவப்பு அடையாளம் இருந்தால் சீனி அதிகம் என்று பொருள்.

குரங்கு விட்டுவைத்தால்தானே?

நியாயமான கேள்வி. 2025 மார்ச் 15இல் நாடு முழுவதும் குரங்கு, மர அணில் முதலியவற்றை எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தொல்லை முற்றியது. பழுக்கக் காத்திராமல் பிஞ்சுப் பலாவாகவே பறித்துச் சமைக்கலாம். மண்ணுக்குள் விளையும் கிழங்கைப் பன்றி கிளறும். வீட்டை ஒட்டிச் சாக்குகளில் வளர்த்தால் ஓரளவு தப்பும். கீரைக்கு வலை போடலாம். முதல் வாரத்தில் இரண்டு காலைகள் பாணை நிறுத்திப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.