ரூட் ரீடிஸ்ட்ரிபியூஷன்: சொன்ன வழி சுற்றி வராமல் தடுக்க

சிஸ்கோவின் சிசிஐஇ செய்முறைத் தேர்வு 8 மணி நேரம். வேப்பம்பட்டில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில், ஜிஎன்எஸ்3 மென்பொருள் மூலம் அதற்குப் பயிற்சி செய்தபோது ஒரே தவறில் 2 மணி நேரத்தை இழந்தேன். அது என்ன என்று பார்ப்போம்.

நெட்வொர்க்குகளை இணைத்துத் தகவலுக்கு வழி காட்டும் சாதனம் ரூட்டர். ரூட்டர்கள் வழிகளைத் தமக்குள் சொல்லிக்கொள்ள ரிப், ஓஎஸ்பிஎஃப் எனப் பல முறைகள் உள்ளன. ஒரு முறையில் அறிந்த வழியை மற்றொன்றுக்குச் சொல்வதே ரீடிஸ்ட்ரிபியூஷன்.

இரண்டு ரூட்டர்கள் இந்த வேலையைச் செய்யும்போதுதான் சிக்கல். முதல் ரூட்டர் ரிப் வழியை ஓஎஸ்பிஎஃப்புக்குச் சொல்கிறது. சிஸ்கோ ரூட்டர்களில் ரிப்பின் நம்பக எண் 120, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. குறைந்த எண்ணுக்கே முன்னுரிமை. எனவே இரண்டாவது ரூட்டர் ஓஎஸ்பிஎஃப்பை நம்பி, அதே வழியை ரிப்புக்குத் திருப்பிச் சொல்கிறது. வேப்பம்பட்டில் கிளம்பிய வதந்தி, திருவள்ளூர் போய்ப் புதுச் செய்தியாக நம்மிடமே திரும்புவது போல! தகவலும் போய்ச் சேராமல் சுற்றத் தொடங்கும்.

தீர்வு எளிது. ரிப்பிலிருந்து போகும் வழிகளுக்கு 120 என டேக் கொடுங்கள். அந்த டேக் உள்ளவை ரிப்புக்குத் திரும்பாமல் தடுத்துவிடுங்கள். எதிர்த்திசைக்கு 110 கொடுத்து அதேபோல் செய்யுங்கள். ரிப்புக்கு அனுப்பும்போது மெட்ரிக் எண்ணையும் தர வேண்டும்; ரிப்பில் 16 என்றால் 'போக முடியாத இடம்' என்று பொருள்.

இந்தக் கட்டளைகளை நோட்பேடில் ஒருமுறை டைப் செய்து, இரு ரூட்டர்களிலும் பேஸ்ட் செய்யுங்கள். பிறகு 'ஷோ ஐபி ரூட்' கொடுத்துச் சரிபாருங்கள். எனக்கு 2 மணி நேரம் பிடித்த வேலை, இப்போது 10 நிமிடத்தில் முடிகிறது.