உங்களுக்குத் தெரியுமா? தாராவி ராப் உங்கள் செல்போனுக்கு வரும் வழி

2018-இல் வந்த ‘காலா’ படத்தின் ‘செம்ம வெயிட்டு’ பாட்டில் ராப் பாடியவர்களில், கதை நடக்கும் அதே தாராவியின் ‘டோப்படெலிக்ஸ்’ குழுவினரும் உண்டு. தமிழ், இந்தி, மராத்தி என்று மொழி மாற்றி மாற்றிப் பாடும் அருமையான குழு!

அந்தப் பாட்டைக் கேட்பவருக்கு இவர்களின் தனிப் பாடல்களை ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் எப்படிப் பரிந்துரைக்கின்றன? முக்கியமான துப்பு, மற்ற ரசிகர்களின் பாடல் பட்டியல்கள்தான். முன்பின் அறியாத பலரும் இரண்டு பாடல்களை ஒரே பட்டியலில் சேர்த்திருந்தால், இரண்டுக்கும் உறவுண்டு என்று கணினி முடிவு கட்டுகிறது. 2015-இல் தொடங்கிய ஸ்பாட்டிஃபையின் ‘டிஸ்கவர் வீக்லி’ திங்கட்கிழமைதோறும் 30 பாடல்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதுவே அடிப்படை.

யாருமே சேர்க்காத புதுப் பாட்டு இந்தக் கணக்கில் சிக்காது. அதற்காகத்தான் தாளம், வேகம், ஒலியமைப்பு ஆகியவற்றையும் செயலிகள் அலசுகின்றன. ஆனாலும், இன்று தாராவியில் பாடத் தொடங்கும் ஒருவருக்கு, உங்கள் பட்டியலில் கிடைக்கும் ஓர் இடம் பெரிய உதவி.