உங்களுக்குத் தெரியுமா? கூகுளும் சிபாரிசு கேட்கும்!

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்றிதழைக் காட்டினால் மட்டும் கூகுள் உங்கள் கடையை முதல் பக்கத்தில் உட்கார வைத்துவிடாது. வேறு எந்தெந்தத் தளங்கள் உங்கள் தளத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கின்றன என்றும் அது பார்க்கும். இணையத் தொழிலில் இருப்பவர்கள் அத்தகைய இணைப்பை ‘பேக்லிங்க்’ என்பார்கள்.

இந்த யோசனை கல்வி உலகத்திலிருந்து வந்தது. எந்த ஆய்வுக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964இல் கொண்டுவந்தார். ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் அதே கணக்கை 1990களில் இணையப் பக்கங்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1998இல் கூகுள் பிறந்தது.

சென்னை ஐஐடிக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே படித்த பிரபாகர் ராகவன், இணைப்புகளை வைத்துத் தேடும் ‘கிளெவர்’ என்ற ஐபிஎம் திட்டத்தில் இருந்தவர். பின்னாளில் கூகுள் தேடல் பிரிவுக்கே தலைவரானார். அதே ஐஐடியில் படித்த கிருஷ்ணா பரத், ஜார்ஜ் மிஹைலாவுடன் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார். ஒரு துறையை நன்கு அறிந்த, ஒன்றோடொன்று தொடர்பில்லாத தளங்கள் கைகாட்டினால்தான் மதிப்பு என்பது அதன் சாரம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஹில்டாப்’, அதாவது மலையுச்சி. கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலைக்காரர்கள் உரிமை கொண்டாடலாம்!

எண்ணிக்கை பெரிதல்ல. அந்த மலையிலுள்ள வெள்ளிமலையில் ஒருவர் தங்கும் விடுதி நடத்துகிறார் என்று வையுங்கள். மலையேற்றம் பற்றி எழுதும் ஒருவர் மேகம் அருவிக்குப் போய்வந்து, அந்த விடுதித் தளத்துக்கு ஓர் இணைப்பு கொடுத்தால், எங்கோ இருக்கும் சூதாட்டத் தளங்களின் ஐந்நூறு இணைப்புகளைவிட அது மேல். இணைப்பு எந்தச் சொற்களின் மேல் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ‘மேகம் அருவி அருகே தங்குமிடம்’ என்றிருந்தால் பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்குப் புரியும். ‘இங்கே சொடுக்கவும்’ என்றால் ஒன்றும் புரியாது. அதற்காக நூறு இடத்திலும் அதே வரியை ஒட்டி வைத்தால் சந்தேகம்தான் வரும்.

விக்கிப்பீடியாவில் கடையின் முகவரியைச் செருகிவிட்டால் போதும் என்பவர்களை நம்பாதீர்கள். வெளி இணைப்புகளுக்கு அங்கே 2007 முதல் ‘நோஃபாலோ’ குறி உண்டு. ‘இது எங்கள் சிபாரிசு அல்ல’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது.

அரசுத் தள இணைப்புக்குத் தனி மவுசு என்பதும் கட்டுக்கதை. கூகுள்காரர்களே மறுத்துவிட்டார்கள்.

காசு கொடுத்து இணைப்பு வாங்கினால்? அமெரிக்காவின் பெரிய கடையான ஜேசி பென்னி 2011இல் அப்படி மாட்டிக்கொண்டு தேடல் முடிவுகளில் அதலபாதாளத்துக்குப் போனது. 2012 ஏப்ரலில் ‘பென்குயின்’ என்ற மாற்றம் வந்து போலி இணைப்புக்காரர்களைப் பதம் பார்த்தது. அதே ஆண்டு ஜனவரியில் நடந்ததுதான் வேடிக்கை: விளம்பரப் பதிவுகளில் விதிமீறிய இணைப்பு இருந்ததற்காக கூகுள் தன்னுடைய குரோம் பக்கத்தையே தண்டித்துக் கீழே இறக்கியது! விளம்பரத்துக்குக் காசு கொடுப்பது குற்றமில்லை. ‘நோஃபாலோ’ என்றோ ‘ஸ்பான்சர்டு’ என்றோ குறியிடாமல் மறைப்பதுதான் குற்றம். ‘ஸ்பான்சர்டு’ குறி 2019இல் வந்தது.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. உங்கள் சிற்பக் கூடத்தைப் பற்றிச் செய்தி போட்ட பத்திரிகை, கடை போட்ட கண்காட்சி, சரக்கு எடுக்கும் வியாபாரி ஆகியோரின் தளங்களில் உங்கள் பெயர் ஏற்கெனவே இருக்கலாம். அதன்மேல் ஓர் இணைப்பு போடச் சொல்லிக் கேளுங்கள். பலர் போட்டுக்கொடுப்பார்கள். யார் யார் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பதை கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ இலவசமாகவே காட்டும்.

மாதம் இவ்வளவு கொடுத்தால் ஆயிரம் பேக்லிங்க் தருகிறோம் என்று யாராவது போன் செய்தால், எந்தெந்தத் தளங்கள் என்ற பட்டியலை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் பணமும் போக வேண்டாம்.