விஷத்தை எரிக்கும் உலை

ஒரே ஒரு என்சைம் இல்லாவிட்டால் உணவே நஞ்சாகும். மீட்பு கல்லீரலின் கையில்.

அழுகிய முட்டையின் நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளர்களைக் கொல்லும் அதே வாயு, மனித உடலுக்குள்ளும் ஓயாமல் உற்பத்தியாகிறது. ஆனாலும் நாம் பிழைத்திருக்கிறோம். முக்கியக் காரணம், கல்லீரல்.

முட்டையோ மீனோ பருப்போ, பெரும்பாலான புரதங்களில் மெத்தியோனின், சிஸ்டைன் என்ற அமினோ அமிலங்கள் உண்டு. இரண்டிலும் கந்தகம் இருக்கிறது. மெத்தியோனினின் கந்தகம் படிப்படியாக சிஸ்டைனுக்குக் கைமாறுகிறது. சிஸ்டைன் சிதையும்போது இந்த வாயு பிறக்கிறது. குடல் பாக்டீரியாக்களும் தம் பங்குக்குத் தயாரிக்கின்றன.

செல்லின் மின் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தை, சயனைடு போலவே, இது முடக்கிவிடும். விந்தை என்னவென்றால், இதை ஒழிப்பதும் மைட்டோகாண்ட்ரியாதான். முதல் என்சைம் வாயுவிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்து எரிபொருளாக்குகிறது. அடுத்தடுத்த என்சைம்கள் மிஞ்சிய கந்தகத்துடன் ஆக்ஸிஜனைச் சேர்க்கின்றன. கடைசியில் கிடைப்பது சல்ஃபேட். அது சிறுநீரில் வெளியேறிவிடும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால்? எதில்மலோனிக் என்செபலோபதி என்ற அபூர்வப் பரம்பரை நோயில் நடப்பது அதுதான். குழந்தைக்குத் தீராத வயிற்றுப்போக்கு, தோலில் ரத்தப் புள்ளிகள், நீலம் பாரித்த விரல்கள், வளர்ச்சியில் தேக்கம். பெரும்பாலோர் சிறு வயதிலேயே இறந்துவிடுகிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர்கள் இந்நோயை விவரித்தார்கள். பழுதான மரபணு 2004இல் அடையாளம் காணப்பட்டது. உண்மையான குற்றவாளி ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் என்பது 2009இல் தெரியவந்தது. மறு ஆண்டே சிகிச்சைக்கு வழி பிறந்தது: குடல் பாக்டீரியாக்களை ஒடுக்க மெட்ரோனிடசோல், நச்சை முறிக்க அசிட்டைல்சிஸ்டைன். முன்னது, அமீபா வயிற்றுக்கடுப்புக்கு இந்தியாவின் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் மாத்திரை! சிகிச்சை பெற்ற ஐந்து குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது.

2016இல் இத்தாலிய மருத்துவர்கள் இன்னொரு செய்தி வெளியிட்டார்கள். 9 மாதப் பெண் குழந்தைக்கு உறவினரின் கல்லீரல் பகுதியைப் பொருத்தினார்கள். மற்ற உறுப்புகளில் மரபணுப் பிழை அப்படியே இருந்தது. ஆனால் ரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் புதிய கல்லீரல் எரித்தது. குழந்தை தேறத் தொடங்கியது.

ஒரு சிக்கல்: மூளை சிதைந்த பிறகு மாத்திரையோ புதிய கல்லீரலோ அதை முழுதாக மீட்க முடியாது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தமே இந்நோய்க்குத் துப்புத் தரும். ஆனால் இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தச் சோதனை நடப்பதில்லை.