ஆச்சி சாய்ந்திருக்க ஒரு தலைமாட்டு மெத்தை

மாரி தொடங்கிவிட்டால் சீமெந்துச் சுவர் வியர்க்கும். உடுப்பிட்டியில் இரவல் வளவொன்றில் இருந்துவந்த ஒரு கமக்காரக் குடும்பத்தின் ஆச்சிக்குத் தொய்வு. படுத்தால் மூச்சு முட்டும். ஆகையால் இரவு முழுவதும் கட்டிலில் எழுந்திருந்து, ஈரச் சுவரில் முதுகைச் சாய்த்தபடியே விடியவைப்பார். "சுவர் குளிருது தம்பி, சாயாமலும் இருக்கேலாது" என்றார். தலகணியை முட்டுக்கொடுத்தால் அது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே வழுகி விழுந்துவிடும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து மழையில் வெளிக்கிட்டவர்கள் சைக்கிளில் பாயும் பானையும் கட்டினார்கள். கட்டிலைக் கட்டியவர்கள் மிகச் சிலரே. வடமராட்சியாருக்கும் இது புதிதல்ல. 1987 மே மாத இராணுவ நடவடிக்கையின்போது அவர்களும் அப்படித்தான் ஓடினார்கள். பின்னர் இரவலாகவோ உதவியாகவோ கிடைத்த கட்டில்களில் தலைமாடு இருப்பது அரிது. அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கடையில் வாங்கவேண்டியது ஆணி, நூல், நான்கு போல்ட் மாத்திரமே.

முதலில் அளவு எடுங்கள். கட்டிலை அல்ல, ஆளை. சாய்ந்திருக்கப் போகிறவரைக் கட்டிலில் இருத்தி, பாயிலிருந்து உச்சந்தலை வரை அளந்து மூன்று அங்குலம் கூட்டுங்கள். பெரும்பாலும் மூன்றடிக்குள் அடங்கும். அகலம் கட்டிலின் அகலமே. சட்டத்தின் இரு பக்கக் கால்களும் நிலம்வரை வரட்டும். பாரம் நிலத்தில் இறங்கினால் கட்டில் ஆடாது. பழைய கதவுச் சட்டம், வேம்பு, பூவரசு எதுவும் உதவும். பனஞ்சலாகை கறையானுக்கு அசையாது. ஆனால் துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அதன் சிலாம்பும் பொல்லாதது, நன்றாகச் சீவிக்கொள்ளுங்கள்.

பலகை நட்டமாக நின்றால் கழுத்து நோகும். இரண்டடி உயரத்துக்கு நான்கு அங்குலம் பின்னே சரிந்திருந்தால் முதுகு தானாகவே படியும்.

சட்டத்துக்குள் பலகை அடைக்கவேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி நீட்டினால் ஏறக்குறைய ஏழடி வரும். மூன்றடிக் கட்டிலுக்குக் குறுக்கே இரண்டு பட்டி அதில் கிடைக்கும். இழுத்துப் பிடித்து, நெடுக்கும் குறுக்குமாகப் பின்னி ஆணி அறைந்தால் முதுகுக்கு வளைந்துகொடுக்கும், காற்றும் போகும். அதன் மேல் கழுவிக் காய்ந்த சாக்கை இறுக்கி அடியுங்கள். நான்கு பக்கமும் முதலில் நடுவில் ஓர் ஆணி, பிறகு எதிர்ப்பக்கம் இழுத்து ஓர் ஆணி, மூலைகள் கடைசியில். ஒரு மூலையில் தொடங்கி அடித்துக்கொண்டு போனால் சுருக்கம் மறு மூலையில் வந்து சேரும். அதைக் கழற்றுவது புதிதாகச் செய்வதைவிட வேலை.

அடைப்பதற்குத் தும்பு. இலங்கைத் தும்பாலைகளில் நீண்ட தும்பைத் தூரிகைக்கும் குறுகியதை மெத்தைக்கும் பிரிப்பார்கள். நமக்கு வேண்டியது குறுகியது. தும்புச்சோறு போகத் தட்டி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, கையால் பிய்த்து மூன்றங்குலத் தடிப்பில் பரப்புங்கள். அமர்ந்தால் பாதியாகும். அதன்மேல் இலவம் பஞ்சு மெல்லியதாக. மேலே பருத்திச் சேலை, இரண்டு மடிப்பாக.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். படுக்கும் மெத்தை கிடையாக இருக்கிறது. இது நிமிர்ந்து நிற்கிறது. தைக்காமல் விட்டால் இரண்டு மாதத்தில் பஞ்சு முழுவதும் அடியில் இறங்கி, மேலே வெறுஞ்சாக்கு மிஞ்சும். எனவே சாக்குத் தைக்கும் ஊசியால் ஆறங்குலத்துக்கு ஒரு வரியாகக் குறுக்கே, முன்னிருந்து பின்னுக்கு ஊடுருவத் தையுங்கள். நெடுக்குத் தையல் உதவாது. பஞ்சு அதற்குள்ளேயே கீழே வழுகும். பெரிய வீட்டு மெத்தைக் கதிரைகளில் பொத்தான் பதித்திருப்பதும் அழகுக்காக மாத்திரமல்ல, இதே வேலைக்காகத்தான்.

தொய்வுக்காரருக்கு இலவம் பஞ்சு ஆகாது என்று சிலர் சொல்வது ஓரளவு உண்மை. பஞ்சின் தூசியும், பழைய மெத்தைகளில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியும் இழுப்பைக் கிளப்பும். அத்தகையவருக்கு ஸ்பொஞ் கிடைத்தால் அதையே வையுங்கள். கிடைக்காவிட்டால் பஞ்சைத் தவிர்த்து, தும்பின்மேல் நெருக்கமாக நெய்த துணியைப் போர்த்து, தலகணி உறைபோல மேலிருந்து கீழே மாட்டும் உறையொன்று தையுங்கள். வாரத்துக்கொருமுறை சுடுநீரில் துவைக்கலாம். மெத்தையையும் கழற்றி வெயிலில் போடுங்கள்.

இன்னொன்று. படுத்தால் மூச்சு முட்டுவது எல்லாம் தொய்வல்ல. கால் வீக்கமும் சேர்ந்திருந்தால் இருதயக் கோளாறாக இருக்கலாம்; மெத்தையை நம்பியிராமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். எழும்ப இயலாதவரை ஒரே சாய்வில் விட்டால் முதுகடியில் புண் வரும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டி இருத்துங்கள்.

விளக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். தடைக்காலத்து ஜாம் போத்தல் விளக்கை யார் மறப்பார்கள்? சொட்டு மண்ணெண்ணெயில் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் தும்பும் இலவம் பஞ்சும் பொறி பட்டால் எரியும். 1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயர் கண்டறிந்த பொலியூரித்தேனால் செய்யும் ஸ்பொஞ் எரிந்தால் நச்சுப்புகை வேறு. குப்பி விளக்கால் வெந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கவிழாத, கவிழ்ந்தாலும் உருளாத, திருகுமூடியுள்ள கட்டை விளக்கொன்றை வடிவமைத்து 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். மின்சாரம் வந்த வீடுகளிலும் மின்வெட்டு இரவில் மெழுகுதிரி தலைமாட்டுக்குத்தான் வருகிறது. நுளம்புத்திரியும் அங்கேதான். இரண்டையும் கால்மாட்டுப் பக்கம் எட்டத்தில் வையுங்கள்.

கட்டிலோடு பொருத்த ஆணி அடிக்கவேண்டாம். காலுக்கு இரண்டாக நான்கு போல்ட் போதும். ஆச்சியின் மகனுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. நிரந்தரமாக அறைந்துவிடுவோம் என்றார். ஆச்சி விடவில்லை. "காணி விட்டா இதையும் கொண்டு போகவேணும், மோனை. அங்க சுவரே இருக்குதோ தெரியாது."